ஏன் விழுந்தீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள்

இலங்கை மலையகத்தின் பொதுச் சுகாதாரத்துக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் வரிசை வீடுகளான லயங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. எங்கள் அம்மாயி அங்கே ஒரே படியில் இருமுறை விழுந்தார். முதலில் மணிக்கட்டு உடைந்தது, பிறகு இடுப்பு. இடைப்பட்ட காலத்தில் செய்யாமல் விடப்பட்டவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதல்முறை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், பிளாஸ்டர் போட்டார்கள், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஏன் விழுந்தீர்கள் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரவில் மலசலகூடத்துக்குப் போக எழுந்தபோது தலை சுற்றியது என்று சொல்லியிருப்பார். பிரஷருக்குக் குளிசை எடுப்பவர் அவர். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றதும் அழுத்தத்தை அளந்து பார்த்தால், நிற்கும்போது அது இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். குளிசையின் அளவை மாற்றலாமா என்று வைத்தியர் அப்போதே யோசித்திருக்கலாம்.

கிளினிக் நாள் எப்படி விடியும் என்பதை நீங்கள் அறிய வேண்டும். லயத்திலிருந்து ரோட்டுக்கு மண்ணில் வெட்டிய படிகள்தான் வழி, ஆட்டோ ஏறாது. பக்கத்து வீட்டுப் பையன்கள் அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுவிட்டு, பிளாஸ்டிக் கதிரையில் அவரை வைத்துத் தூக்கி இறக்கினார்கள். மழை பெய்தது. கதிரை ஒவ்வொரு முறை சாயும்போதும் அவர் உடைந்த கையாலேயே எதையாவது பிடிக்கப் பார்த்தார். பஸ்ஸில் நின்று, வரிசையில் உட்கார்ந்து, மத்தியானம் உள்ளே போனால், எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்த அறைக்குள் வந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ எடுக்கும் முதியவர் விழக்கூடிய ஆபத்தில் இருக்கிறார். இதைச் சோதிக்க ஒரு கதிரையும் ஒரு கடிகாரமும் போதும். அந்த அறையில் இரண்டும் இருந்தன.

ஒருமுறை விழுந்த முதியவர் மீண்டும் விழும் வாய்ப்பு இரு மடங்கு என்பது மருத்துவம் படித்த உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அவரை அதே படிக்கே திருப்பி அனுப்பினீர்கள். ஏன் விழுந்தீர்கள் என்று அப்போதாவது கேட்டிருக்க வேண்டாமா?

கையில் தந்த தாளை வீட்டில் யாராலும் வாசிக்க முடியவில்லை, அது தமிழில் இல்லை. 1987இலேயே அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. விழும்போது முதியவருக்குத் தலையில் அடிபட்டால் இரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்து மயக்கமாகவோ தடுமாற்றமாகவோ வெளிப்படலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். எதைக் கண்டால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது வீட்டாருக்குப் புரியாத மொழியில் இருந்தால் அந்தத் தாளால் என்ன பயன்?

படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாசி பிடித்தது, பிடிகம்பி இல்லாதது, விளக்கு இல்லாதது. தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது. திருத்தித் தாருங்கள் என்று தோட்ட ஒஃபிசில் கேட்டால் அரசாங்கத்திடம் கேட்கச் சொல்கிறார்கள். அரசாங்கத்திடம் கேட்டால் தோட்டத்திடம் போகச் சொல்கிறார்கள். ஆயுள் முழுக்க இந்த மலையில் கொழுந்து பறித்த மனுஷிக்கு ஒரு பிடிகம்பி போட இத்தனை பேரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனாலும் உங்களிடம் தாழ்மையுடன்தான் கேட்கிறேன். விழுந்து வரும் ஒவ்வொரு முதியவரிடமும் ஏன் விழுந்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். அவர் எடுக்கும் மருந்துகளையும் கண்பார்வையையும் நடையையும் பாருங்கள். காலுக்கு வலுவும் சமநிலையும் தரும் பயிற்சிகளை வீட்டார் முன்னிலையில் செய்து காட்டுங்கள். பிள்ளை பெற்றவளைப் பார்க்க லயம் தேடி வரும் மருத்துவிச்சியைப் போல, விழுந்தவரின் வீட்டுக்கும் ஒருவரை அனுப்புங்கள். அவர் குறித்துத் தரும் படியையும் விளக்கையும் திருத்துவது தோட்டத்தின் பொறுப்பு என்று எழுத்தில் ஆணையிடுங்கள்.

அம்மாயி இப்போது நடப்பதில்லை. எங்கள் லயத்தில் அவர் வயதில் இன்னும் பலர் அந்தப் படியில் ஏறி இறங்குகிறார்கள். அடுத்த மழைக்கு முன் உங்கள் பதிலைத் தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொழுந்துத் தொழிலாளியின் பேத்தி