அன்னதானக் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்மன் அருளால் அன்னதானக் கூடமும் மடப்பள்ளியும் கட்டி முடிந்தன. முன்மண்டபச் சுதை வேலையும் நிறைவடைந்தது. தணிக்கையான வரவு செலவு தனியே இணைக்கப்பட்டுள்ளது. மதிப்பீடு எப்படிப் போடப்பட்டது என்று பலரும் கேட்டதால், அதை இங்கே விளக்குகிறோம்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி முடிப்பது வழக்கம். உண்டியலையும் உபயத்தையும் நம்பி நடக்கும் வேலைக்கு அது போதாது என்று குழு கருதியது. ஆகவே பொறியாளர் அஸ்திவாரம் முதல் கைப்பிடிச் சுவர் வரை முழுக் கூடத்தையும் கணினியில் முப்பரிமாணத்தில் எழுப்பினார். பிம் என்பது இம்முறையின் பெயர். இதில் ஒரு தூணின் அளவை மாற்றினால் அதற்கான கான்கிரீட், சென்ட்ரிங், பூச்சு எல்லாம் கூடவே மாறிவிடும். அந்த அளவுகளைப் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலோடு பெருக்கி மதிப்பீடு தயாரானது. தெற்குத் தாழ்வாரத்தை அகலமாக்கக் கோரிக்கை வந்தபோது, கூடுதல் தூண்களுக்கும் அஸ்திவாரத்துக்கும் ஆகும் செலவைக் கூட்டத்திலேயே திரையில் பார்த்தோம். பார்த்த பிறகு, கூரையை மட்டும் நீட்டினால் போதும் என்று உறுப்பினர்களே முடிவு செய்தார்கள்.

பூச்சுக் கூலியில் கணினி அளவும் கொத்தனார் பில்லும் ஒத்துப்போகவில்லை. காரணம் நியாயமானது. கணினி ஒவ்வொரு ஜன்னல் திறப்பையும் சுவரின் இரு பக்கத்திலும் கழித்துவிடுகிறது. கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200-ஓ, அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே கூடாது என்கிறது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும்தான் கழிக்க வேண்டும். நான்கடிக்கு நான்கடி ஜன்னல் ஏறத்தாழ ஒன்றரை சதுர மீட்டர். அதன் ஓரங்களை மட்டம் பிடித்துப் பூசுவதற்கான கூலி, கழிக்காத அந்த மறுபக்கத்தில் அடங்கிவிடுகிறது. கொத்தனாருக்குச் சேர வேண்டியதை விதிப்படி முழுமையாகக் கொடுத்தோம்.

கம்பிக்கும் இதேபோல் இரண்டு வழியில் கணக்குப் பார்த்தோம். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. கணினி தந்த நீளத்தோடு, கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் ஒட்டுக்கும் சேதாரத்துக்கும் தனியே சேர்த்து, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிட்ட பிறகே ஒவ்வொரு பில்லுக்கும் பணம் கொடுக்கப்பட்டது.

சுதை வேலையைக் கணினியிடம் விடவில்லை. யாளியின் பிடரியையும் துவாரபாலகரின் விரல்களையும் கன அடியில் அளக்க முடியாது. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் ஆகியவற்றின் அளவை ஸ்தபதியே சொன்னார். கூலி நாள் கணக்கில் தரப்பட்டது. இதற்கென்று தனித் தலைப்பில் நிதி ஒதுக்கியதால் கூடத்தின் பணம் இதில் கலக்கவில்லை. நம் கோயிலுக்கு இதுவே சரியான வழி என்பது குழுவின் உறுதியான கருத்து.

எந்தப் பொறியாளரும் திறக்கக்கூடிய ஐ.எஃப்.சி. வடிவில் கணினிக் கோப்பு கோயில் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வெள்ளையடிப்பு, தளஓடு மாற்றம் போன்ற பராமரிப்புக்கு அளவுகளை அதிலிருந்தே எடுக்கலாம். அளவுப் புத்தகத்தையும் ரசீதுகளையும் உறுப்பினர்கள் அலுவலக நேரத்தில் பார்வையிடலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்