'மிஸ்ரி' பாட்டைத் திரும்பவும் பாட வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். 'ஷோ போட்' என்ற அமெரிக்க இசை நாடகத்திலிருந்து வெட்டப்பட்ட பாடல்களைப் பாடிக் காட்டும் நிகழ்ச்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. பியானோ, கிளாரினெட், செல்லோ, டபுள் பேஸ், ஏழு குரல்கள். மேடையில் தெரிந்தவர்கள் இவ்வளவுதான். மேடைக்கு வராமலே இதை நடத்திக் கொடுத்தவர்கள் இன்னும் அதிகம். யார் எதைச் செய்து கொடுத்தார்கள் என்று விவரமாகச் சொல்லி நன்றி கூற விரும்புகிறோம். நாளை வேறொரு குழு இந்த வேலையில் இறங்கினால் அந்த விவரம் கைகொடுக்கும்.

முதல் நன்றி 'மிஸ்ரி' பாட்டின் காகிதத்தைத் தொலையவிடாமல் காத்தவர்களுக்கு. எட்னா ஃபெர்பர் எழுதிய நாவலுக்கு ஜெரோம் கெர்ன் இசையும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வசனமும் பாடலும் அமைத்த நாடகம் இது, ஆற்றில் ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகப் படகின் கதை. வாஷிங்டன் நேஷனல் தியேட்டரில் 1927 நவம்பர் 15 அன்று முதல் முன்னோட்டம் நடந்தபோது நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து, பிலடெல்பியா என்று ஊர் ஊராகப் போய், டிசம்பர் 27-இல் நியூயார்க் சீக்ஃபெல்ட் தியேட்டரில் அரங்கேறுவதற்குள் பாட்டும் வசனமும் நிறைய உதிர்ந்துபோயின. அப்படிப் போனவற்றில் பெரியது 'மிஸ்ரிஸ் கமின் அரௌன்' (துயரம் வருகிறது), சுருக்கமாக 'மிஸ்ரி'. படகின் சமையற்காரி குவீனியும் கறுப்பினத் தொழிலாளர்களும் ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று பாடுவது. பாட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் ஷெரிஃப் படகேறி வருகிறார். வெள்ளைக்காரியாக எல்லோரும் நினைத்திருந்த நடிகை ஜூலிக்குக் கறுப்பின ரத்தம் உண்டு என்ற ரகசியம் உடைகிறது. வெள்ளையரும் கறுப்பினரும் மணப்பது அங்கே குற்றம் என்பதால் அவளும் கணவன் ஸ்டீவும் படகைவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது.

மேடையிலிருந்து போன பாட்டு அச்சிலிருந்து போகவில்லை. கெர்ன் விடாப்பிடியாக நின்றதால் குரல்-பியானோ பிரதியில் அது இடம்பெற்றது. அதைவிட முக்கியம், நாடகத்தின் தொடக்க இசையை அவர் அந்த மெட்டின் மேல்தான் கட்டியிருந்தார், அதை மாற்றவும் இல்லை. ஜூலி காட்சியில் வசனத்துக்கு அடியிலும் அதே மெட்டு ஊர்ந்துகொண்டிருக்கும். பாட்டை எடுத்துவிட்டால் இந்த இரண்டும் எதை நினைவூட்டுகின்றன என்று கேட்பவருக்குப் புரிய வழியில்லை. இந்தப் பாட்டை உரிய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும் என்று நாங்கள் துணிந்ததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது நன்றி கிடங்குகளைத் தூசி தட்டியவர்களுக்கு. 1982-இல் நியூ ஜெர்சியின் சீகாகஸ் ஊரில், வார்னர் பிரதர்ஸ் இசை நிறுவனத்தின் கிடங்கில் சுமார் எண்பது பெட்டிகள் நிறையக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. கெர்ன், கெர்ஷ்வின், போர்ட்டர் ஆகிய இசையமைப்பாளர்களின் தொலைந்துபோனதாக நினைத்திருந்த பக்கங்கள் அவை. டொனால்ட் ரோஸ், ராபர்ட் கிம்பல் போன்றோர் உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்காவிட்டால் அவை கட்டுக் கட்டாகவே மக்கியிருக்கும். 1988-இல் இசை நடத்துநர் ஜான் மெக்லின் தலைமையில் வெளிவந்த மூன்று குறுந்தட்டுப் பதிவு எங்களுக்கு வழிகாட்டி. 'மிஸ்ரி'யை நாடகத்தின் ஓட்டத்துக்குள்ளேயே வைத்தார். மற்ற வெட்டுப் பாடல்களைக் கடைசியில் பின்னிணைப்பாகத் தந்தார். எல்லாவற்றையும் உள்ளே திணிக்கவும் இல்லை, எதையும் மறைக்கவும் இல்லை. அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டோம். இடைவேளைக்கு முன் காட்சியோடு சேர்த்து 'மிஸ்ரி', இடைவேளைக்குப் பின் பின்னிணைப்பு.

அடுத்து, பழைய பிரதியை எங்களுக்கு ஸ்கேன் செய்து அனுப்பிய நூலகருக்கு. எப்போதோ யாரோ மேடையேற்றப் பயன்படுத்திய பிரதி அது. இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர்கள் வெட்டுக் குறிகளை நீலப் பென்சிலில் போடுவது வழக்கம். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அந்த நீலம் விழாது. முதலில் எங்களிடம் இருந்த ஜெராக்ஸில் பக்கங்கள் சுத்தமாகத் தெரிந்தன, ஆனால் சில இடங்களில் இசை தொடங்க வேண்டும் என்று காட்டும் வசனத்தின் அடையாளச் சொல்லும் இசையும் பொருந்தவே இல்லை. நூலகர் அதே பக்கங்களை 400 டிபிஐ அளவில் வண்ணத்தில் எடுத்து அனுப்பியதும் விஷயம் வெளிச்சமானது. ஒரு பக்கத்தில் 'வி' என்று நீல எழுத்து, சில பக்கங்கள் தள்ளி 'டே' என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ளதை விட்டுத் தாண்டு என்று பொருள். வெட்டு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்பது தெரிந்த பிறகுதான், அதைப் பிரிக்கும்போது எந்த வசனத்தைத் தூக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. ஒரு பாட்டை வெட்டினால் அது சொன்ன சேதியை இரண்டு வரி வசனமாக்கி அங்கே ஒட்டுவார்கள். பாட்டைத் திரும்ப வைக்கும்போது அந்த ஒட்டு வரிகளை எடுக்க மறந்தால் ஒரே சேதி இரண்டு முறை வரும், காட்சி தொய்ந்துவிடும். இன்னொன்றையும் அவர் தடுத்தார். மேலே ஒட்டப்பட்டிருந்த ஒரு சீட்டைப் பிய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டோம். கூடாது என்று சொல்லி, பக்கத்துக்குப் பின்னாலிருந்து விளக்கைக் காட்டிப் படமெடுத்து அனுப்பினார். அடியில் இருந்த சுரங்கள் படிக்கும்படித் தெரிந்தன.

காப்புரிமை விஷயத்தில் வழிகாட்டிய வழக்கறிஞருக்குத் தனி நன்றி. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த பிறகு 60 ஆண்டு என்பது கணக்கு. கெர்ன் 1945-இலும் ஹாமர்ஸ்டைன் 1960-இலும் மறைந்தார்கள், ஆகவே அவர்கள் காலத்தில் அச்சான 'மிஸ்ரி'க்கு இங்கே தடை இல்லை. அதை வைத்து எல்லாமே இலவசம் என்று நினைத்திருந்தோம். அவர் மூன்று இடங்களில் நிறுத்தினார். எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று வாத்திய அமைப்பு செய்த ராபர்ட் ரஸல் பென்னட் மறைந்தது 1981-இல், எனவே அது 2041 முடிய உரிமைக்கு உட்பட்டது. ஜூலி பாடும் 'பில்' பாட்டின் வரிகளுக்கு மூலம் பி.ஜி. உட்ஹவுஸ். அவர் மறைவு 1975, உரிமை 2035 முடிய. மூன்றாவதுதான் யாரும் யோசிக்காதது. ஆசிரியர் உயிரோடு இருந்தபோது வெளிவராமல், மறைவுக்குப் பிறகு முதன்முறையாக வெளியாகும் பாட்டுக்கு 60 ஆண்டுக் கணக்கு வெளியான ஆண்டை வைத்துத் தொடங்கும். பெட்டியிலிருந்து பின்னால் எடுத்து வெளியிட்ட வெட்டுப் பாடல்களுக்கு இது பொருந்தும். பின்னிணைப்பில் பாடியவற்றுக்கு உரிமையாளர்களிடம் முறையாக எழுதி அனுமதி வாங்கினோம். கேட்டதும் கொடுத்த அவர்களுக்கும் நன்றி.

பென்னட்டின் அமைப்பைத் தொட முடியாது என்றானதும், நான்கு வாத்தியத்துக்குப் புதிதாக எழுதிக் கொடுத்தவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. பாடகிக்காகச் சுருதியை ஒரு முழுச் சுரம் இறக்க வேண்டியிருந்தது. இறக்குவது சுலபம், அடுத்து வரும் இசை பழைய சுருதியில் நிற்கும் என்பதுதான் சிக்கல். நடுவில் இரண்டு பார் (தாள அளவு) புதிதாக எழுதி, செல்லோவை மெல்ல ஏற விட்டு, காது உணராதபடி அதைச் சேர்த்து வைத்தார். கூட்டுக்குரலில் கீழ்க்குரல் ஒன்றிரண்டு இடத்தில் தரை தட்டியது. அங்கே மட்டும் டபுள் பேஸ் அந்தச் சுரத்தை எடுத்துக்கொண்டது.

பிழை திருத்தியவரையும் சொல்ல வேண்டும். கிளாரினெட் பார்ட்டின் (அந்த வாத்தியத்துக்கான தாளின்) தலையில், எந்தச் சுருதி வகை கிளாரினெட் என்று சொல்லும் 'ஏ கிளாரினெட்' என்ற குறிப்பு அச்சில் விடுபட்டிருந்தது. அதை பி ஃப்ளாட் கிளாரினெட்டில் ஊதினால் எழுதிய ஒவ்வொரு சுரமும் அரைச் சுரம் ஏறி ஒலிக்கும். தனியாக ஊதிப் பார்த்தால் மெட்டு சரியாகவே கேட்கும், பியானோவோடு சேர்ந்தால்தான் உறுத்தும். ஒத்திகைக்கு முன்பே காகிதத்தில் அதைக் கண்டுபிடித்தார். 58-ஆம் பாரில் செல்லோவுக்கு விடுபட்ட, சுரத்தை இயல்பு நிலைக்குத் திருப்பும் நேச்சுரல் குறியும் அவர் கண்ணில் பட்டதுதான்.

உச்சரிப்புக்கு உதவிய ஆசிரியைக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 1927-இல் குவீனியாக நடித்தவர் டெஸ் கார்டெல்லா, முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய வெள்ளைக்காரப் பெண். தொடக்கக் கூட்டுப் பாட்டில் கறுப்பின மக்களைக் குறிக்க அன்று எழுதிய வசைச்சொல்லை 1936 திரைப்படத்திலும் 1946 மேடையிலும் மாற்றினார்கள். 1988 பதிவுக்கு முதலில் அமர்த்திய கறுப்பினப் பாடகர்கள் அந்தச் சொல்லைப் பாட மறுத்து விலகினார்கள். எனவே பழையதை மீட்பது என்றால் பழைய சாயத்தையும் மீட்பது என்று ஆகிவிடக் கூடாது. ஆசிரியை தெளிவாகச் சொன்னார்: யாருடைய பேச்சையும் நடித்துக் காட்ட வேண்டாம், உங்கள் குரலில் பாடுங்கள். கடைசி மெய்யை விழுங்கும் 'கமின்', 'அரௌன்' போன்ற இடங்களில் அந்த மெய்யைத் தாராளமாகச் சேர்க்கலாம், அசை கூடாது. 'மிஸ்ரி'யை மட்டும் 'மிஸரி' ஆக்கக் கூடாது. இரண்டசை மூன்றசையாகும், இரண்டு சுரத்துக்கு மேல் மூன்றாவது சுரம் ஒன்றைப் பிளந்து போட வேண்டிவரும், மெட்டின் கனமே போய்விடும். ஒத்திகையில் இரண்டையும் பாடிப் பார்த்தோம். முதல் அசையில் குரல் நீண்டு இழுபடுவதில்தான் அந்தப் பாட்டின் அச்சமே இருக்கிறது.

இந்தப் பாட்டைத் திரும்ப வைக்கவே கூடாது என்று கடைசிவரை வாதாடிய நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. அவர் வாதம் லேசானது அல்ல. வெட்டுக்கு இசைந்தவர்கள் வேறு யாருமல்ல, ஆசிரியர்களே. 1946-இல் மறுபடி மேடையேற்றத் தயாரானபோது அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அப்போதும் 'மிஸ்ரி'யைச் சேர்க்கவில்லை. மாறாக 'டில் குட் லக் கம்ஸ் மை வே', 'ஐ மைட் ஃபால் பேக் ஆன் யூ', 'ஹே ஃபெல்லர்' மூன்றையும் எடுத்தார்கள். கெர்ன் கடைசியாக எழுதிய 'நோபடி எல்ஸ் பட் மீ'யைச் சேர்த்தார்கள். இதற்கு எங்களிடம் இருந்த பதில் இரண்டுதான். அச்சில் வைக்கச் சொன்னதும் ஆசிரியரே, தொடக்க இசையில் விட்டுவைத்ததும் ஆசிரியரே. 1994-இல் இயக்குநர் ஹரால்ட் பிரின்ஸ் பிராட்வேயில் இதை உள்ளே வைத்து நடத்திக் காட்டினார், கிரீத்தா பாஸ்டன் குவீனியாகப் பாடினார், அந்த வேடத்துக்காக அவருக்கு டோனி விருதும் கிடைத்தது. பாட்டு நாடகத்தை நிறுத்திவிடாது என்பதற்கு அது சாட்சி.

ஆனால் நண்பர் சொன்னதால்தான் மற்ற பாடல்களில் கையை அடக்கிக்கொண்டோம். 'டில் குட் லக்' எழுதப்பட்டதே திரைக்குப் பின்னால் அரங்கப் பொருள்களை மாற்ற நேரம் வேண்டும் என்பதற்காக. இன்று அந்த மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. அந்தப் பாட்டு வந்தால் நடிகர் வெறும் திரைக்கு முன் நிற்க வேண்டிவரும். 'இட்ஸ் கெட்டிங் ஹாட்டர் இன் த நார்த்' விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒருமனதான முடிவு இல்லை. முதல் அங்கத்தில் கதாநாயகி மக்னோலியா பியானோவில் பழகும் மெட்டே ஜாஸாக உருமாறி, அவள் மகள் கிம்மின் பாட்டாக வருகிறது. தாயிடமிருந்து மகளுக்கு மெட்டு இறங்கும் அழகு அதில் உண்டு. ஆனாலும் கதை முடிந்து எல்லோரும் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் வரும் பாட்டு அது. பின்னிணைப்பில் தனியாகக் கேட்டபோது அதற்கு உரிய கவனம் கிடைத்தது என்று நினைக்கிறோம். வருத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

'பில்' கதையை நண்பர் எடுத்துப் போட்டபோது யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. 1918-இல் 'ஓ, லேடி! லேடி!!' நாடகத்துக்காக எழுதி, அதிலிருந்து வெட்டப்பட்ட பாட்டு அது. ஒன்பது ஆண்டு கழித்து வரிகளைக் கொஞ்சம் திருத்தி, ஜூலியாக நடித்த ஹெலன் மார்கனுக்குக் கொடுத்தார்கள். நொந்துபோன ஜூலி அதைப் பாடிய பிறகு அது ஜூலியின் பாட்டாகிவிட்டது. இனி யாராவது அதை 1918 நாடகத்தில் 'உரிய இடத்தில்' வைத்தால் கேட்பவருக்கு ஜூலியின் முகம்தான் தெரியும்.

மேடைப் பொறுப்பாளருக்கும் பியானோ வாசித்தவருக்கும் கடைசியாக, ஆனால் நிறைவாக. 'மிஸ்ரி' தனியாகவே ஐந்து நிமிடத்தைத் தாண்டும். முன்வசனத்தையும் சேர்த்து ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து, முதல் பகுதி எங்கே கனக்கிறது என்று காட்டியவர் பொறுப்பாளர். பாட்டு உள்ளே வந்ததும் ஷெரிஃப் காட்சியில் வசனத்துக்கு அடியில் வரும் மெட்டு கேட்பவருக்கு மூன்றாம் முறை ஆகிறது. பாட்டின் அதே வேகத்தில் வாசித்தால் இழுவையாகும் என்று உணர்ந்து, பியானோக்காரர் அதைச் சற்றே விரைவாக, ஒலியை நீட்டும் பெடல் இல்லாமல், வசனத்துக்குக் கீழே அடக்கி வாசித்தார். தன்னிடமும் கறுப்பின ரத்தம் உண்டு என்று சொல்வதற்காக ஸ்டீவ் கத்தியால் ஜூலியின் கையைக் கீறி அவள் ரத்தத்தைச் சுவைக்கும் இடத்தில் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்த மௌனம் ஒத்திகையில் இல்லாதது.

நான்கு வாத்தியப் பார்ட்டுகள், குரல் பிரதி, வசனத் திருத்தப் பட்டியல் எல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறோம். 58-ஆம் பாரும் கிளாரினெட் தலைப்பும் சரி செய்தாயிற்று. 'மிஸ்ரி' பார்ட்டுகள் வேண்டுவோர் கேட்டால் தருகிறோம். பின்னிணைப்புப் பாடல்களுக்கு அனுமதியை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

நன்றியும் அன்பும்,
பாடல் குழுவினர்