அண்ணாச்சிக்காக வந்த அத்தனை பேருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

மோட்டார் சைக்கிள் ஷோரூமில் விற்பனையாளராக இருந்த, நீங்கள் அண்ணாச்சி என்று அழைத்த எங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. "அண்ணாச்சியிடம் வண்டி எடுத்தவன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றார்கள். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, ரத்தம் கொடுத்தவர்களுக்கு. அப்பாவுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். இதய அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு அது போதுமான அளவு கிடைக்காமல் தம்பி தவித்துக்கொண்டிருந்தான். பழைய மெக்கானிக் ஒருவருக்குச் சொன்னோம். அவர் யார் யாருக்குச் சொன்னாரோ, விடிவதற்குள் களக்காட்டிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பா வேலை பார்த்த ஷோரூமோடு நெல்லை வண்ணாரப்பேட்டையில் தினமும் போட்டி போட்ட இன்னொரு ஷோரூமின் விற்பனையாளர்கள் இருவர் சீருடையோடு வந்து வரிசையில் நின்றார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா கண் விழித்துப் பேசிய சில வாரங்கள் உங்களால் கிடைத்தவை. பேத்தியின் கையைப் பிடித்தபடி அவர் வீட்டுத் திண்ணை வரை நடந்து வந்ததும் அந்த வாரங்களில்தான்.

அப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். அப்போது மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், ராஜ்தூத், யெஸ்டி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற நூறு சி.சி. வண்டிகள் வந்த பிறகுதான் பள்ளி ஆசிரியரும் மளிகைக் கடைக்காரரும் துணிந்து ஷோரூம் படியேறினார்கள் என்பார். ஆனாலும் அவருக்குப் பிரியம் புல்லட்டின் மீதுதான். அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வாங்குபவரைப் பக்கத்தில் நிறுத்திப் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வந்து நின்றதும் லீவரை விட வேண்டும். பிறகுதான் முழு மூச்சில் ஒரு உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். பணம் கட்டி முடித்தவராக இருந்தாலும், மூன்று முறை சரியாகக் கிளப்பிக் காட்டிய பிறகுதான் கையில் சாவி.

நாங்குநேரிப் பக்கத்து வாழை வியாபாரி ஒருவர், பெரிய வண்டி எடுக்கக் கையில் ரொக்கத்தோடு வந்த கதையை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னார். "தார் ஏற்ற வேண்டியிருக்குமா?" என்று கேட்டுவிட்டு, அப்பா அவரை அடுத்த தெருவில் இருந்த டி.வி.எஸ். கடைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்.எல். வண்டியில் சுமை வைக்கும் முன்பக்கத்தைக் காட்டினாராம். அந்த மாத ஊக்கத்தொகை கைவிட்டுப் போனது. அம்மாவுக்கு அப்போது வருத்தம்தான். வீட்டில் நான்கு பேர் சாப்பிட வேண்டுமே, அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. அந்த வியாபாரிதான் காரியத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் வாழை இலையும் காயும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, விலை கேட்டதற்கு அம்மாவின் முன்னால் கைகூப்பினார்.

2017 மார்ச் கடைசியும் நினைவுக்கு வருகிறது. ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 என்ற பழைய புகை விதிப்படி தயாரான வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் நிறுவனங்கள் விலையைத் தடாலடியாகக் குறைத்தன. ஷோரூமில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலிலும், பீடி சுற்றிச் சேர்த்த பணத்தோடு மகனுக்காக வந்த ஓர் அம்மாவிடம், "பையனுக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும், "மலிவாகக் கிடைக்கிறது என்று இப்போது எடுக்காதீர்கள் அக்கா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறு ஆண்டு அந்தப் பையன் லைசென்ஸோடு வந்து அவரிடமே வண்டி எடுத்தான், தலைக்கவசத்தோடு. அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். தம்பி, உனக்கு எங்கள் நன்றி.

அன்று கடையை அடைத்துவிட்டு வந்த மெக்கானிக் அண்ணன்களுக்கு நன்றி. ஒருநாள் கூலியை விடுவது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். நள்ளிரவில் வந்த 108 ஓட்டுநருக்கும், வார்டில் அப்பாவைத் தன் தகப்பனைப் போலத் துடைத்துவிட்ட செவிலியருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் நன்றி. அப்பாவின் கடைசிச் சம்பளத்தையும் சேர வேண்டிய தொகையையும் அலையவிடாமல் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த முதலாளிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒரு தகவலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவின் மேசை இழுப்பறையில், தவணை முடித்த சிலருடைய ஆர்.சி. புத்தகமும், நிதி நிறுவனம் கொடுத்த தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-உம் உறை உறையாக இருக்கின்றன. கடன் பதிவை நீக்குவதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வாங்கி வைத்திருந்தவை. சான்றுக்குக் காலக்கெடு இருக்கலாம், தள்ளிப்போட வேண்டாம். உரியவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். வர முடியாதவர்கள் சொன்னால் தம்பியே அலுவலகத்துக்குப் போய் முடித்துத் தருவான். அப்பாவின் பழைய எண்ணிலேயே கூப்பிடுங்கள், அவன் எடுப்பான்.

நன்றியுடன்,
அம்மா, தம்பி சார்பில்
மகள்