ஒஸ்லோவிலிருந்து அப்புச்சிக்கு

ஒஸ்லோ,
19.1.2025

அன்புள்ள அப்புச்சிக்கு,

உங்கள் பேத்தி எழுதுவது. நானும் அவரும் பையனும் இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அம்மா சொன்னதைக் கேட்டு மனம் ஆறியது. பொங்கலன்று தொலைபேசியில் பேசியபோது, "அங்கே பனிக்காலத்தில் பொழுதை எப்படிப் போக்குகிறாய்?" என்று கேட்டீர்கள். நான் அகலம் குறைந்த நீளப் பட்டைகள் நெய்கிறேன் என்று சொன்னதும் "தறிக்கு எங்கே போனாய்?" என்றீர்கள். அதற்குள் பையன் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டதால் பதில் சொல்ல முடியாமல் போனது. நெசவைப் பற்றி உங்களிடம் அரைகுறையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மா இதை உங்களுக்குப் படித்துக் காட்டும்போது, இதனுடன் வைத்திருக்கும் பட்டையை நீங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாதத்தில் இங்கே காலை ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது. மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது. வந்த முதல் ஆண்டு அந்த இருட்டில் எனக்குக் கை சும்மா இருந்ததுதான் பெரும் துன்பமாக இருந்தது. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கும் வயதான அம்மாள் ஒருவர், ஒருநாள் தம் வீட்டுக் கதவின் கைப்பிடியில் நூல் கற்றை ஒன்றைக் கட்டி, மறுமுனையைத் தம் இடுப்பு வாரில் முடிந்துகொண்டு, நாற்காலியில் சற்றே பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நூல்களுக்கு நடுவே சீட்டுக்கட்டைப் போல அடுக்கிய சதுர அட்டைகள் தொங்கின. தறிக்குரிய படமரம் இல்லை, அச்சு இல்லை, விழுது இல்லை, மிதி இல்லை. ஆனால் நீளவாக்கில் பாவு இருந்தது, குறுக்கே ஊடை இருந்தது, அவர் முன்னால் துணி வளர்ந்துகொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நெசவாளர் வீட்டுப் பெண் என்று சொன்னதும் அவர் என்னை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். அன்றிலிருந்து அவர்தான் எனக்கு ஆசிரியர்.

இதை இவர்கள் பிரிக்கெவேவ் என்கிறார்கள். பிரிக்கெ என்பது அந்த அட்டை. அட்டையின் நான்கு மூலைகளிலும் துளை இருக்கும். துளைக்கு ஓர் இழை வீதம் ஓர் அட்டைக்கு நான்கு இழைகள். நான் நெய்தது 16 அட்டைகள், ஆக 64 இழைகள். அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தினால் மேல் துளைகளின் இழைகள் மேலேயும் கீழ்த் துளைகளின் இழைகள் கீழேயுமாகப் பிரிந்து நடுவில் வாய் திறக்கும். அதில் ஊடையை நுழைத்து, மெல்லிய மரச் சட்டத்தால் அடித்துவிட்டு, அட்டைகள் அனைத்தையும் சேர்த்துப் பிடித்துக் கால் சுற்று திருப்ப வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் மேலிருந்த ஓர் இழை இறங்கும், கீழிருந்த ஓர் இழை ஏறும், புதிய வாய் திறக்கும். மிதியை அழுத்தி விழுதைத் தூக்கி நீங்கள் செய்யும் வேலையை இங்கே அட்டை சுழன்று செய்கிறது.

இதில் எனக்கு மிகவும் வியப்பளித்தது அடுத்து வருவதுதான். நம் தறியில் பாவு இழைகள் ஏறி இறங்குகின்றனவே தவிர ஒன்றையொன்று சுற்றுவதில்லை. இங்கே அட்டை சுழலும்போது அதன் நான்கு இழைகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நாற்புரிக் கயிறாகின்றன. அப்படிப் பதினாறு கயிறுகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கிடக்க, ஊடை அவற்றின் வயிற்றுக்குள் புகுந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதனால் ஊடை இரண்டு ஓரங்களைத் தவிர வேறெங்கும் கண்ணுக்குத் தெரியாது. கையிலுள்ள பட்டையின் நடுவே நகத்தால் நெருடிப் பாருங்கள், அகப்படாது. சென்னிமலைப் போர்வையில் பாவுக்கும் ஊடைக்கும் சம பங்கு என்று நீங்கள் சொல்வீர்கள். இங்கே பாவே முழுத் துணியும்.

(நாடா என்று எழுதாமல் பட்டை என்றே எழுதுகிறேன். நாடா என்றால் உங்களுக்குத் தறியில் ஊடை நூலோடு ஓடும் நாடாதான் நினைவுக்கு வரும்.)

நூலைத் துளையில் முன்பக்கமிருந்து கோத்தால் புரி ஒரு பக்கம் சாயும், பின்பக்கமிருந்து கோத்தால் மறுபக்கம் சாயும். எல்லா அட்டைகளையும் ஒரே விதமாகக் கோத்ததால் என் முதல் பட்டை கயிறு போலச் சுருண்டுகொண்டது. ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிக் கோத்த பிறகுதான் தட்டையாகக் கிடந்தது. இன்னொரு சங்கடமும் உண்டு. அட்டையை ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால் துணியில் விழும் முறுக்குக்குச் சமமான முறுக்கு அட்டைக்கு அப்பால் நெய்யாத பாவிலும் ஏறி, ஒரு கட்டத்தில் அட்டைகளை நகர்த்தவே முடியாது. அப்போது எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பிய இடம் பட்டையில் தழும்பு போலத் தெரியும். நீங்கள் வைத்திருப்பதில் அப்படி நான்கு இடங்கள் உண்டு. நூலைத் திறமையாக வண்ணம் மாற்றிக் கோப்பவர்கள் அந்தத் தழும்பையே பூவாக்கிவிடுகிறார்கள்.

கீழ்த்தளத்து அம்மாள் நெய்துகொண்டிருந்தது தம் பேத்தியின் புனாத் உடைக்கான இடுப்புப் பட்டை. புனாத் என்பது நார்வே நாட்டார் ஊருக்கு ஊர் வேறுபட்ட வடிவில் அணியும் விழா உடை. 1814இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டதைக் கொண்டாடும் மே 17ஆம் நாளில் தெரு முழுதும் அந்த உடைகள்தாம். தெலெமார்க் பகுதிப் பெண்களின் உடை ஒன்றுக்கு இப்படி அட்டையில் நெய்த பட்டைதான் இடுப்புக்கு அழகு. சென்ற மாதம் யுனெஸ்கோ இந்தப் புனாத் மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அன்று அந்த அம்மாள் கேக் செய்து எங்களுக்குக் கொடுத்தனுப்பினார்.

இப்போது, இந்தக் கடிதத்தை எழுதவே காரணமான ஒன்றைச் சொல்கிறேன். ஒஸ்லோவுக்குத் தெற்கே, தொன்ஸ்பெர்க் நகருக்கு அருகே ஓசெபர்க் என்ற பண்ணையில் 1904ஆம் ஆண்டு ஒரு மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே 21 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள மரக் கப்பல் ஒன்று புதைந்திருந்தது. அதில் இரண்டு பெண்களை, வண்டி, கட்டில், பாத்திரங்கள், தறிச் சாமான்கள் எல்லாவற்றோடும் அடக்கம் செய்திருந்தார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி அந்த அடக்கம் நடந்தது 834ஆம் ஆண்டு என்று கண்டிருக்கிறார்கள். அந்தச் சாமான்களுக்கு நடுவே 52 அட்டைகள் கொண்ட நெசவு ஒன்று, பாவு கோத்தபடியே, பாதி நெய்த நிலையிலேயே கிடந்திருக்கிறது. கப்பல் இருக்கும் அருங்காட்சியகம் புதிய கட்டடத்துக்காக 2022 முதல் மூடியிருப்பதால் நான் இன்னும் படத்தில்தான் பார்த்தேன். இந்நாட்டில் இந்த நெசவு அதற்கும் முந்தையது. தெற்கே ஸ்நார்டெமோவில் 6ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றிலிருந்தும் இத்தகைய பட்டைகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் என் மனம் அந்த ஐம்பத்திரண்டு அட்டைகளிலேயே நின்றுவிட்டது.

அம்மாயி போன அன்று நம் தறியில் பாதிப் போர்வை நின்றது. அம்மாயி ஊடை நூல் சுற்றி வைத்த தார்கள் கூடையில் இருந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், யாரிடமும் பேசாமல் நீங்கள் தறிக் குழிக்குள் இறங்கி அந்தத் தார்களாலேயே அந்தப் போர்வையை முடித்தீர்கள். எனக்கு அப்போது பத்து வயது. திண்ணையில் உட்கார்ந்து நாடா ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓசெபர்க் படத்தைப் பார்த்தபோது, அந்தப் பட்டையை எடுத்து முடிக்க ஒருவரும் வராமல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்திருக்கிறதே என்று நினைத்து அழுதேன். கையோடு அதை வைத்து அனுப்பியவர்கள், அந்தப் பெண்கள் போகும் இடத்தில் முடித்துக்கொள்வார்கள் என்று எண்ணியிருப்பார்களோ என்னவோ.

உங்களுக்குப் பிடிக்கும் செய்தி இன்னொன்று. பர்மாவில் பௌத்த ஓலைச்சுவடிகளைத் துணியில் சுற்றிக் கட்டுவதற்கு இதே அட்டை நெசவில் நீண்ட பட்டைகள் நெய்திருக்கிறார்கள். பட்டையின் நீளம் முழுவதும் எழுத்துகளையே நெய்து, சுவடியைத் தானம் செய்தவர் பெயரையும் அவர் வேண்டுதலையும் அதில் பதித்திருக்கிறார்கள். பெட்டியில் நீங்கள் வைத்திருக்கும் சுவடிக் கட்டை வெறும் நூலால் கட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. அதற்கு அளவு எடுத்து அனுப்பினால் நான் ஒரு பட்டை நெய்து தருகிறேன்.

பையனுக்கு அட்டைகள் இன்னும் கைக்கு அடங்கவில்லை. அவனுக்கு விரல் பின்னல் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இதற்கு ஐந்து நூல் வளையங்களும் பத்து விரல்களும் போதும். முடிச்சை ஆணியில் மாட்டி, ஒரு கையில் மூன்று வளையம், மறு கையில் இரண்டு என்று விரல்களில் மாட்டிக்கொண்டு, சும்மா இருக்கும் விரலை எதிர்க்கை வளையங்களுக்குள் நுழைத்துக் கடைசி வளையத்தை இழுத்துவர வேண்டும். பிறகு இரு கைகளையும் அகல விரித்தால் பின்னல் இறுகும். எடுக்கும்போது வளையத்தை ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தால் பின்னல் சதுரமாக வரும். ஒரு கையில் மட்டும் புரட்டினால் தட்டையாக வரும். இரண்டிலுமே புரட்டாவிட்டால் தனித்தனியாக இரண்டு பின்னல்கள் விழும். இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து நூல் ஒன்றில், விரல்களுக்கு எழுத்துகளால் பெயரிட்டு இந்தப் பின்னல் முறைகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பணப்பை இழுப்புக் கயிறும் ஆடை முடியும் கயிறும் இப்படிப் பின்னியவைதாம். நீளம் நம் கை எட்டும் அளவுதான் என்பதால், நீண்ட கயிறு வேண்டுமானால் எதிரே ஒருவர் நின்று ஒவ்வொரு முறையும் இறுக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை நான் செய்கிறேன். அப்போது அவன் உங்களைப் பற்றித்தான் கேட்கிறான்.

பட்டையின் ஓரத்தைப் பாருங்கள், அப்புச்சி. முதல் ஒரு சாண் வரை வளைந்து வளைந்து போயிருக்கும். ஊடையை ஒரே சீராக இழுக்க எனக்கு வரவில்லை. உங்கள் போர்வைக் கரை நூல் பிடித்தது போல நேராக வருவதற்குக் கை என்ன செய்கிறது என்று அம்மாவிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். மாமா ஈரோடு போகும்போது சிவப்பிலும் கருநீலத்திலும் இரட்டைப் புரிப் பருத்தி நூல் கண்டு நான்கைந்து வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே எனக்குக் கிடைப்பதெல்லாம் கம்பளி நூல். அட்டைகளுக்குள் உராய்ந்து பஞ்சு பஞ்சாக எழும்பிவிடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் பேத்தி