மருந்து கொடுக்கும் நேரம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இப்பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தேறின. வாசிப்பிலும் குழந்தைகள் முன்னேறியிருக்கிறார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

இன்னொன்றையும் இக்கடிதத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாட்டுக்காக மருந்து எடுத்துக்கொள்ளும் சிறு குழந்தைகள் நம் பள்ளியில் படிக்கிறார்கள். மருந்து வேண்டுமா என்பது நீங்களும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. அதில் பள்ளி தலையிடாது. ஆனால் அது எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இதற்குப் பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தின் சாதாரண மாத்திரை ஏறத்தாழ 3 முதல் 4 மணி நேரமே வேலை செய்யும் என்பதால், காலை 7 மணிக்குக் கொடுத்தால் 11 மணிவாக்கில் அதன் பலன் தணிந்து குழந்தை நிலைகொள்ளாமல் தவிக்கலாம். தாமதமாகக் கொடுத்த நாளில் மதியம் பசியே எடுக்காமல் போகலாம். நேரம் தெரியாத ஆசிரியர் முதல் நாள் ‘அடம்’ என்றும் மறுநாள் ‘சாப்பிட மறுக்கிறான்’ என்றும் எழுதிவிடுகிறார். இரண்டிலும் குழந்தையின் மேல் தவறில்லை.

சென்ற மாதம் ஒரு பென்சில் டப்பாவில், ரப்பருக்கும் ஷார்ப்னருக்கும் நடுவே, காகிதத்தில் மடித்த மாத்திரை ஒன்று கிடந்தது. அதை மிட்டாய் என்று நினைத்து வெளியே எடுத்தது பக்கத்தில் உட்காரும் குழந்தை. மற்றொரு நாள், காலையில் கொடுத்தோமா என்று வீட்டாருக்கே உறுதியாகத் தெரியாத நிலையில், எதற்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள் என்று தொலைபேசியில் கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்க மாட்டோம்.

குழந்தையின் பையில் மருந்து வைத்து அனுப்புவதை இனி அனுமதிக்க இயலாது. பள்ளியில் கொடுக்க வேண்டிய மருந்தை, மருந்துச் சீட்டின் நகலுடனும் பெயர் எழுதிய அதன் சொந்த அட்டைப்பெட்டியுடனும் பெரியவர் ஒருவரே அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். காலையில் கொடுத்த நேரத்தை நாட்குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். விட்டுப்போன வேளையை மாலையில் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் ஈடுகட்ட வேண்டாம். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

காலை அவசரத்தில் ஒரு வாய் சாப்பிட வைத்து, மாத்திரையும் கொடுத்து அனுப்புவதற்குள் நீங்கள் படும் பாட்டை நாங்கள் அறிவோம். சில பெற்றோர் ஏற்கெனவே நேரத்தை எழுதி அனுப்பியதால்தான், அக்குழந்தைகளின் கணக்குப் பாடத்தை முற்பகலின் முதல் வேளைக்கு மாற்ற ஆசிரியர்களால் முடிந்தது. அவர்களுக்கும், இனி எழுதப்போகும் உங்களுக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்