பிரமிடு படத்தின் அடியில் ஒரு கணக்கும் போடுங்கள்

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு,

வணக்கம். நிலமானிய முறை என்றாலே பாடத்தில் பிரமிடு படம் வந்துவிடுகிறது. உச்சியில் அரசர், கீழே பிரபுக்கள், அடுத்து நைட்டுகள் எனும் குதிரைப்படை வீரர்கள், அடியில் பண்ணையடிமைகள். 1066-இல் நார்மன்கள் கைப்பற்றிய பிறகான இங்கிலாந்தில் தொடக்கம் ஏறக்குறைய அப்படித்தான். நூறாண்டுக்குள் அது என்ன ஆனது என்பதைத்தான் பாடம் சொல்வதில்லை.

முதலில், படைக்கடன், அதாவது பெற்ற நிலத்துக்கு ஈடாக அரசருக்கு நைட்டுகளை அனுப்பும் கடமை, நிலத்தின் வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படவில்லை. பீட்டர்பரோ மடம் 60 நைட்டுகளை அனுப்பியாக வேண்டும். செல்வத்தில் அதற்குச் சற்றும் குறையாத ராம்சி மடத்துக்கு 4 பேர்தான்.

அடுத்து, பாகப்பிரிவினை. மகன் இல்லாத வீட்டில் மகள்கள் மானியத்தை (ஒரு நைட்டை அனுப்பும் கடமையோடு வந்த நிலத்தை) சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். அரை நைட், கால் நைட் என்று கடன் சிதறியது. கால் நைட்டைக் குதிரையேற்றிப் போருக்கு அனுப்ப முடியுமா? பணமாகத்தான் கட்ட வேண்டும். அதுதான் ஸ்கூட்டேஜ், கேடய வரி. அரசருக்கும் அது வசதி. வழக்கமான 40 நாள் சேவை, கடல் கடந்து போய் ஒரு கோட்டையை முற்றுகையிடப் போதாது. அந்தப் பணத்தில் அமர்த்தும் கூலிப்படைக்கு அந்தக் கெடு இல்லை.

1159-இல், இன்றைய தெற்கு பிரான்சிலுள்ள துலூஸ் மீதான போருக்காக அரசர் இரண்டாம் ஹென்றி ஒரு மானியத்துக்கு 2 மார்க் வாங்கினார். ஏன் 2? அன்று கூலி நைட்டுக்கு நாளொன்றுக்கு 8 பென்னி. 40 நாளைக்கு 320. ஒரு மார்க் 160 பென்னி. கணக்கு அப்படியே பொருந்துகிறது! தயவுசெய்து இதை மாணவர்களையே போட விடுங்கள்.

1166-இல் ஹென்றி பிரபுக்களிடம் கேட்டார்: என் தாத்தா முதலாம் ஹென்றி இறந்த 1135-க்கு முன் எத்தனை நைட்டுகளுக்கு மானியம் கொடுத்தீர்கள், பின்னர் எத்தனை பேருக்கு, பெயர் என்ன? உள்ளபடி எழுதிக் கொடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இரண்டே ஆண்டில், மகள் திருமணத்துக்கான வரியை, பழைய கடனுக்கு மேற்பட்ட நைட்டுகள் மீதும் சேர்த்துக் கேட்டார்.

1205-இல் ஜான் மன்னர், ஒன்பது நைட்டுகள் சேர்ந்து பத்தாமவரை அனுப்ப வேண்டும் என்றார். படி நாளுக்கு 2 ஷில்லிங், அதாவது 24 பென்னி. பழைய கூலியைப்போல் மும்மடங்கு. 1214-இல் ஸ்கூட்டேஜ் 3 மார்க். வடக்குப் பிரபுக்கள் கட்ட மறுத்தார்கள். மறு ஆண்டே மகாசாசனத்தின் (அரசரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட மாக்னா கார்ட்டாவின்) 12-ஆம் பிரிவு, பொது ஆலோசனையின்றி ஸ்கூட்டேஜ் கூடாது என்றது. பாடநூலில் மகாசாசனம் தனிப் பாடமாக, நிலமானியத்தோடு ஒட்டாமல் நிற்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். தேர்விலும் பிரமிடு வரையச் சொல்வதற்குப் பதில், கால் மானியம் வைத்திருந்தவர் 1159-இல் எத்தனை பென்னி கட்டியிருப்பார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள்