மண்டபம் வேண்டாம், ஒரு கொட்டில் போட்டுத் தாங்கோ

எங்கட ஊர்ச் சங்கத்தாருக்கும், கனடா, லண்டன், சுவிஸில இருந்து காசு சேர்த்து அனுப்புற எங்கட ஊர் ஆக்களுக்கும்,

வணக்கம். போன கிழமை கூட்டத்தில வாசிகசாலைக்குப் பக்கத்துக் காணியில வயசுபோன ஆக்களுக்கு ஏசி போட்ட மண்டபம் கட்டுறதெண்டு பிளான் காட்டினீங்கள். கண்ணாடி ஜன்னல், வழுவழு ரைல்ஸ், வாசலில பேர் பொறிச்ச கல்லு. நான் அண்டைக்கு வாய் திறக்கேல்லை, பின்னுக்கு இருந்திட்டு வந்திட்டன், வீட்ட வந்தாப் பிறகு மனம் கேக்குதில்லை. சங்கத்தில ஆரோடையும் எனக்குக் கோவம் இல்லை, நீங்கள் அனுப்புற காசு குளிருக்க நிண்டு ரெண்டு வேலை செய்து உழைச்ச காசு எண்டு வடிவாத் தெரியும், அதாலதான் எழுதுறன். அந்தக் காணியில நாலு பக்கமும் திறந்த ஒரு பெரிய கொட்டில் போட்டுத் தாங்கோ, சுவர் வேண்டாம்.

அப்பான்ர கதையைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். அவருக்கு ஸ்ரோக் வந்து இடப்பக்கம் இழுத்துப்போட்டுது. ஆஸ்பத்திரியால கொண்டு வந்து ரெண்டு மாசம் அறைக்குள்ளதான், மேல ஃபான் சுத்தும், எதிர்ல சுவர், சுவரில ஒரு கலண்டர். முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச மனுசன், கதையே நிண்டுபோச்சு, சாப்பாடு வேண்டாம், இரவில நித்திரை இல்லை, பகல் முழுக்க அரை நித்திரை. வைகாசியில தம்பி வந்து நிண்ட நேரம், வேம்புக்குப் பக்கத்தில முந்தி மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில ஆறு கப்பு நட்டு, பனஞ்சிலாகை அடிச்சு, கிடுகால வேய்ஞ்சு, ரெண்டு பக்கம் முழங்காலளவுக்குக் குந்து கட்டிவிட்டான். அப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் சாய்மனைக் கதிரையில இருத்தினம். கொஞ்ச நேரத்தால ஒழுங்கையில மீன்காரர் சைக்கிளை நிப்பாட்டி "என்ன மாஸ்டர், வெளிய வந்தாச்சே" எண்டு வேலிக்கு மேலால கேட்டார். அப்பா வாயைக் கோணிக்கொண்டு "சூடை இருக்கே" எண்டார். நானும் அம்மாவும் குசினியில நிண்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்தம், அம்மா அழுதிட்டா.

பிறகு அம்மா அவருக்குப் பக்கத்தில இருந்து முருங்கை இலை ஆயத் தொடங்கினா. ஒருநாள் அவர் வலக்கையை நீட்டி ஒரு கெட்டு வாங்கினார், அதை இடக்கையில வைச்சு அமத்திக்கொண்டு வலக்கையால உருவினார், உருவ உருவ கெட்டு நழுவி விழும், திருப்பி எடுப்பார், ஒரு பின்னேரம் முழுக்க அதுதான் வேலை. பிசியோதெரபி செய்யிற பிள்ளை கைக்குள்ள பந்தைத் தந்து அமத்தச் சொன்னா கோவிச்சு எறியிற மனுசன் இவர். கொட்டில்தான் சுகமாக்கினது எண்டு சொல்ல வரேல்லை, மருந்தும் அந்தப் பிள்ளையும் இல்லாட்டி ஒண்டும் நடந்திராது. ஆனா அந்தாள் எழும்ப வேணுமெண்டு மனம் வைச்ச இடம் அந்தக் கொட்டில்.

இதை நான் மட்டும் சொல்லேல்லை. 1984 இல றொஜர் உல்ரிச் எண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு ஆய்வு வெளியிட்டவர், பித்தப்பை ஒப்பரேசன் செய்த ஆக்களில ஜன்னலால மரம் தெரிஞ்ச ஆக்கள், செங்கல் சுவர் தெரிஞ்ச ஆக்களைவிடக் கெதியா வீட்ட போயிருக்கினம், கடும் நோ மருந்தும் குறைய எடுத்திருக்கினம். அது வெறும் ஜன்னலால பாத்ததுக்கே. நித்திரையும் அப்பிடித்தான், பகல் வெளிச்சம் கண்ணில படேக்கதான் உடம்புக்கு நேரம் பிடிபடும், வெளிச்சத்தை லக்ஸ் எண்ட அளவிலதான் அளக்கிறவை, வீட்டுக்குள்ள லைற் போட்டா முந்நூறு நாநூறு லக்ஸ்தான் வரும், வெளியில நிழலுக்க இருந்தாலே ஆயிரக்கணக்கில வரும். பிள்ளையளின்ர கண்ணுக்கும் அந்த வெளிச்சம் வேணும், பகலில வெளியில நிக்கிற பிள்ளையளுக்குக் கிட்டப்பார்வை வாறது குறைவு எண்டு கண் டொக்டர்மார் சொல்லுகினம். நாங்கள் ரியூசன் படிச்சதெல்லாம் கிடுகுக் கொட்டிலுக்கதானே!

எங்கட ஆக்கள் இதெல்லாம் வாசிச்சுப்போட்டா செய்தவை? வீட்டுக்கு முன்னால தலைவாசல், றோட்டோரம் கூரை போட்ட சங்கடப்படலை, அதுக்குக் கீழ குந்து, தண்ணிப்பானை, ஆரும் வழிப்போக்கர் இருந்திட்டுப் போகலாம். ஊருக்கு ஊர் மடம், பக்கத்தில கேணி, சுமைதாங்கி, மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல். பருத்தித்துறையில தெருமூடி மடத்தை ஒருக்காப் போய்ப் பாருங்கோ, றோட்டுக்கு மேலாலயே கூரை, ரெண்டு பக்கமும் கல்லுத் தூணும் திண்ணையும், நடுவால இண்டைக்கும் வாகனம் போகுது. உச்சி வெயிலில அந்தத் திண்ணையில ஒரு பத்து நிமிசம் இருந்தா நான் சொல்லுறது உடம்புக்கே விளங்கும்.

இன்னொண்டு சொல்லோணும். அறைக் கதவைச் சாத்தினா மூச்சு முட்டுது எண்டுற ஆக்கள் எங்கட ஊரில கன பேர் இருக்கினம், ஏனெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாலு பக்கமும் திறந்திருந்தா ஆர் வாறது ஆர் போறது எண்டு தெரியும், எழும்பிப் போக நினைச்சா எந்தப் பக்கத்தாலயும் போகலாம், அந்த ஆக்களுக்கு அது பெரிய நிம்மதி. பொம்பிளையளுக்கும் அப்பிடித்தான், றோட்டில போற சனத்துக்குத் தெரியிற இடமெண்டா பயமில்லாம வந்து இருப்பினம். சிம்பாப்வேயில டிக்சன் சிபண்டா எண்ட மனநல டொக்டர் 2006 இல கிளினிக் முற்றத்தில மரவாங்கு போட்டு, அந்த ஊர் அம்மம்மாமாருக்குப் பயிற்சி குடுத்து, மனக்கவலையோட வாற ஆக்களோட கதைக்க வைச்சவர். அது உண்மையாப் பலன் தந்தது எண்டு 2016 இல ஆய்வும் வந்தது. எங்களிட்ட அம்மம்மாமார் இருக்கினம், அவை இருந்து கதைக்க இடந்தான் இல்லை.

கொட்டில் எண்டவுடன உங்களுக்கு எங்கட பக்கத்துப் பூங்காவில நிக்கிற கொங்கிறீற் சமர் ஹட் ஞாபகம் வரும். தயவுசெய்து அதுமாதிரி வேண்டாம். மேல தகரம், மத்தியானம் அது சூடாகி தலையில அனலைக் கொட்டுது, மேற்கு வெயில் நேர முகத்தில அடிக்குது, ரைல்ஸ் வாங்கில இருக்கேலாது, ஏறப் படி மட்டுந்தான். அப்பாவைச் சக்கரக் கதிரையில ஒருக்காக் கொண்டுபோய் படிக்குக் கீழ நிண்டிட்டுத் திரும்பி வந்தனாங்கள்.

கூரை ஓடாப் போடுங்கோ, இல்லாட்டி பனை ஓலை. ஓலை அடிக்கடி மாத்தோணும் எண்டு சொல்லுவீங்கள், உண்மைதான், ஆனா வேயத் தெரிஞ்ச நாலு பேருக்கு ஊரில வேலை கிடைக்கும். நீளப்பக்கம் தென்மேற்கால வாற சோளகக் காத்துக்கு முகம் குடுக்க வேணும், மேற்குப் பக்கம் தாழ்வாரத்தை நல்லாப் பதிச்சு விடுங்கோ, மாரியில வாடையோட வாற தூவானத்துக்கு வடகிழக்குப் பக்கம் ஒரு தட்டி காணும். தண்ணி தேங்காமப் பாருங்கோ, நுளம்பு வந்தா டெங்குதான். அரை அடி உயரத்துக்கு ஆறு அடி நீளத்தில சாய்தளம், பிடிக்கக் கம்பி. குந்தில சாய ஏதாவது வேணும், வயசுபோன முதுகு சும்மா நிமிர்ந்து இருக்காது. அந்தக் காணியில நிக்கிற மாமரத்தை மட்டும் தறிச்சுப் போடாதேங்கோ, பிளானில அது இருக்கிற இடத்தில கார்ப் பார்க் கிடக்குது.

ஏசிக்கு மாசாமாசம் கரண்ட் பில் ஆர் கட்டுறது? 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிப்பாட்டின நேரம் ஊர் முழுக்க மரத்துக்குக் கீழதானே கிடந்தது.

கையெழுத்து வைக்க முதல் ஒருக்கா எங்கட வளவுக்கு வாங்கோ, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அப்பா அங்கதான் இருப்பார், தேத்தண்ணி ஊத்தித் தாறன். அளவு நாடாவும் கொண்டு வாங்கோ. எங்கட கொட்டில் 12 அடிக்கு 16 அடி, எட்டுப் பேருக்குக் காணும், ஊருக்கெண்டா அதில ரெண்டு மடங்காவது வேணும்.

இப்படிக்கு,
வாசிகசாலை ஒழுங்கையில இருக்கிற உங்கட ஊர்ப் பிள்ளை